லெம்மா நின்ற இடம்

ஜெயித்தவன் பெண்டாட்டி என்று ஊரே என்னைப் பார்த்துச் சிரித்த அன்றைக்கு எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. வாசலில் சரவெடி வெடிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி சீனி வாங்கிவந்து வருகிறவர் போகிறவர் வாயில் எல்லாம் அள்ளிப் போடுகிறாள். என் வீட்டுக்காரர் முத்துக்கருப்பன் முழங்கை உயரக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மூஞ்சியில் ஈ ஆடவில்லை. பார்க்க வந்தவர்கள் "ஓடுன களைப்பு, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். களைப்பாவது மண்ணாவது. அது என்ன என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இன்னொருத்திக்கும் தெரியும்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் செக்கானூரணிக்குப் பக்கத்தில், மதுரை ரோட்டை ஒட்டி இருக்கிறது. அவர் நூல் மில்லுக்குப் போகிறார், நான் வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். மில்லுக்குப் போவதற்கு முன்னால் விடியற்காலையில் ரோட்டில் ஓடுவது அவருக்கு ஒரு கிறுக்கு. கல்யாணமான புதிதில், இந்த மனுஷன் விடிந்தும் விடியாமலும் எங்கே போய்விட்டு வருகிறார் என்று சந்தேகப்பட்டு நானே ஒரு நாள் பின்னால் போய்ப் பார்த்தேன். நிஜமாகவே ஓடத்தான் செய்தார். அப்பாடா என்று திரும்பி வந்து படுத்தேன்.

உசிலம்பட்டியில் ஒரு இளைஞர் மன்றம் உண்டு. வருஷா வருஷம் தை மாதத்தில் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் கிளப்பி, மதுரை தல்லாகுளத்தில் தமுக்கம் மைதானம் வரைக்கும் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். ரோட்டோர ஊர்க்காரர்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அதில் வழக்கமாக முதலில் வருகிறவர் என் வீட்டுக்காரர்தான். அவரை ஜெயிக்க இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். அவரும் காதில் விழாத மாதிரி கேட்டுக்கொண்டு டீ குடிப்பார்.

அப்புறம் லெம்மா வந்தான்.

ஒரு நாள் காலையில் இவர் நாகமலைப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தமே இல்லாமல் ஒருத்தன் வந்து, ஒரு சிரிப்புச் சிரித்து, தாண்டிப் போயிருக்கிறான். இவர் விட்டுப் பிடித்தார், மூச்சைப் பிடித்து விரட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து பழைய சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒருத்தன் என்னைய நிக்க வச்சுட்டுப் போயிட்டான்டி" என்றார். அவர் முகத்தில் பொறாமை இல்லை. சாமி பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தார். மறுநாள் அதே இடத்தில் போய்க் காத்திருந்து சிநேகம் பிடித்துக்கொண்டார்.

லெம்மா எத்தியோப்பியாக்காரன். மதுரையில் ஒரு காலேஜில் விவசாயம் படிக்க வந்திருந்தான். படிக்கிற வயசில்லை, முப்பதை நெருங்கியவன், என்னைவிட மூத்தவன். ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டான், அதனால் தம்பியாகிவிட்டான். பஸ்ஸுக்கும் டீக்கடைக்கும் போதுமான தமிழ் வைத்திருந்தான். மாப்ள என்ற வார்த்தை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மன்றத் தலைவர் உக்கிரபாண்டியிடமே, அவர் நாலு லாரிக்குச் சொந்தக்காரர், மீசையே ஒரு முழம் இருக்கும், "மாப்ள வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன். தமிழில் வராததை இங்கிலீஷில் சொல்வான். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். தட்டுத்தடுமாறி அவருக்கு நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

என் வீட்டில் புளித்த மாவுத் தோசை என்றால் அவனுக்கு உயிர். அவன் ஊர் ரொட்டியும் அப்படித்தான் புளிக்குமாம். நான் சுடச் சுட அவன் தின்றுகொண்டே கதை சொல்வான். மலைநாட்டில் மாடு மேய்த்த குடும்பம். பள்ளிக்கூடம் எங்கேயோ இருந்தது, ஓடிப் போய் ஓடி வருவான். பட்டாளத்தில் சேர்ந்து அங்கே நடந்த பந்தயங்களில் ஜெயித்து, தேசத்துக்காக ஓடுகிற கூட்டத்தில் இடம் பிடித்துவிட்டான். அந்த ஊரில் அந்தக் கூட்டத்தில் இடம் பிடிப்பது, நம் ஊரில் கலெக்டர் ஆவதைவிடப் பெரிய காரியமாம். அதுவரைக்கும் நல்ல காலம். அதற்குப் பிறகு பிடித்தது சனி.

முதல் ஒலிம்பிக்குக்குக் கனடா வரைக்கும் போய்விட்டார்கள். ஓடுவதற்கு முன்னாலேயே மூட்டையைக் கட்டு என்று உத்தரவு வந்துவிட்டது. நிறவெறி பிடித்த தென்னாப்பிரிக்காவோடு விளையாடிய தேசத்தைச் சேர்த்துக்கொண்டதற்காக ஆப்பிரிக்க நாடுகள் பலதும் கலந்துகொள்ளாமல் திரும்பிவிட்டன. நியாயமான காரணம்தான் என்று லெம்மாவே சொல்வான். ஆனால் ஓடிப் பழகின காலுக்கு நியாயம் எங்கே தெரிகிறது? அடுத்தது மாஸ்கோ. குதிகாலில் அடிபட்டு, மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தான். அவன் நாட்டுக்காரர் ஒருத்தர் தங்கம் வாங்கியதை மேலேயிருந்து கைதட்டிப் பார்த்தான். அடுத்தது அமெரிக்கா. அப்போதுதான் அவன் வாழ்க்கையிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்தான். அரசாங்கம் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டது. இவன் சும்மா இருந்தானா, "அப்ப நாங்க எதுக்கு ஓடுறோம்?" என்று அதிகாரியைப் பார்த்து எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். உனக்கு ஓட்டம் போதும், இந்தியாவுக்குப் போய் விவசாயம் படி என்று அனுப்பிவிட்டார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நானும் அப்படிப்பட்ட தவளைதான், அதனால் எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அவனுக்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. டெல்லியில் பெரிய மாரத்தான் நடக்கப்போகிறது, அதற்கு அவன் தேசத்திலிருந்து ஆட்களும் அதிகாரிகளும் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். அங்கே அவர்கள் கண் முன்னால் ஓடி, அவர்கள் ஆட்களைத் தாண்டிவிட்டால், மறுபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினான். அதில் யாரும் தானாகப் போய் நிற்க முடியாது, ஏதாவது ஒரு சங்கம் அனுப்ப வேண்டும். எங்கள் மன்றத்துக்கு ஒரே ஒரு இடம் கிடைத்திருந்தது. தை மாதப் பந்தயத்தில் யார் முதலோ அவருக்கு டெல்லி டிக்கெட் என்று உக்கிரபாண்டி மைக் வைத்து அறிவித்துவிட்டார். வெளிநாட்டுக்காரனும் ஓடலாமா என்று ஒருத்தன் கேட்டதற்கு, "ரோடு எல்லாருக்கும் பொதுடா" என்றார். மீசைக்காரர் அன்றைக்கு நியாயமாகத்தான் பேசினார்.

"அடுத்த ஒலிம்பிக் வரும்போது எனக்கு வயசு போயிடும் அக்கா. இது கடைசி" என்றான் லெம்மா. என் வீட்டுக்காரர் அவன் தோளைத் தட்டி, "நீதான் முதல்ல வருவ மாப்ள. நான் உனக்குப் பின்னால வந்தாலே எனக்குப் பெருமதான்" என்றார். மனசாரத்தான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே நீலத் துணியில் ஓட்டத்துக்கு டவுசர் தைத்துக் கொடுத்தேன்.

இப்போது அந்த இன்னொருத்தியைச் சொல்ல வேண்டும். என் நாத்தனார் பாண்டியம்மாள், இவருக்கு மூத்தவள். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட, இவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். புருஷன் பிள்ளை இருந்தாலும் தம்பி என்றால்தான் அவளுக்கு உலகம். அந்த வருஷம் குழாயடியில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. "என்ன பாண்டியம்மா, உன் தம்பி இந்த வட்டம் ரெண்டாவதாமுல்ல?" என்று சீண்டியிருக்கிறார்கள். பந்தயத்துக்கு ரெண்டு நாள் முந்தி என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏத்தா, அந்தக் கறுத்த தம்பி நடுவுல எங்கயாச்சும் நிப்பானா?"

"அவன் எதுக்கு மதினி நிக்கிறான்?"

"தண்ணி குடிக்க, கிண்ணி குடிக்க."

"ஓடிக்கிட்டே குடிப்பான்."

"அம்புட்டு ஓட்டமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டில் கண்ணாக இருந்துவிட்டேன்.

பந்தயத்தன்று நான் மன்றத்து வேனில் தண்ணீர்க் கேன்களோடு உட்கார்ந்திருந்தேன். கருமாத்தூர் தாண்டும்போதே லெம்மா தனியாக முன்னால் போய்விட்டான். அவன் ஓடுவதைப் பார்த்தால் ஓடுகிற மாதிரியே தெரியாது, ரோடுதான் பின்னால் போகிற மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் ரெண்டாவது. லெம்மாவுக்கு நல்ல தூரம் பின்னால் வந்தார். மற்றவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. வேன் லெம்மாவுக்குப் பின்னாலேயே போனது. எங்கள் ஊர் வந்தது.

ரோட்டின் நடுவில் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். பாண்டியம்மாள் கையில் தட்டு, தட்டில் ஆரத்தித் தண்ணீர், வெற்றிலை மேல் சூடம் எரிகிறது. எங்கள் பக்கம் ஜெயித்து வருகிறவனுக்கு ஊர் எல்லையில் ஆரத்தி எடுப்பது உண்டு. ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு எடுத்து நான் கண்டதில்லை. லெம்மாவுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? ஆரத்தி எடுக்கும்போது நகரக் கூடாது, நகர்ந்தால் எடுக்கிற வீட்டுக்கு ஆகாது என்பது மட்டும் தெரியும். என் தம்பி கல்யாணத்தில் அவனையும் மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தி ஆரத்தி எடுத்தபோது, அவன் நகர்ந்து, என் சித்தி அவனைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அவன் நின்றுவிட்டான். ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்றான். ஒருத்தி மாலை போட்டாள். ஒருத்தி தலையில் துண்டு கட்டினாள். பாண்டியம்மாள் தட்டைச் சுற்றினாள். மூன்று சுற்றுச் சுற்றிப் பொட்டு வைத்து அனுப்ப வேண்டியதுதானே? சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் கண் தட்டிலும் இல்லை, லெம்மா மேலும் இல்லை. மேற்கே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேனிலிருந்து இறங்கி, "விடுங்க மதினி, அவன் போகணும்" என்று கத்தினேன். குலவைச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மற்றப் பெண்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெளிதேசத்துப் பிள்ளைக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்து நெஞ்சு நிறையக் குலவை போட்டார்கள்.

அந்த நேரம் என் வீட்டுக்காரர் வந்தார். தூரத்திலேயே பார்த்துவிட்டார், ஓட்டம் ஒரு நொடி தளர்ந்தது. பாண்டியம்மாள் அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். போ என்று. அவர் அவளைப் பார்த்தார், லெம்மாவின் முதுகைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தின் ஓரமாக ஓடிப் போய்விட்டார்.

லெம்மாவும் அவர் போவதைப் பார்த்தான். அப்படியும் நின்றான். தட்டு நிற்கிற வழியாக இல்லை என்று தெரிந்த பிறகுதான், பாண்டியம்மாளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவி ஓடினான். கழுத்து மாலையை ரோட்டில் எறியவில்லை. மாலையோடேயே ஓடி, நான் திரும்ப ஏறிக்கொண்ட வேன் பக்கத்தில் வந்ததும் கழற்றி, பூ உதிராமல் என் கையில் கொடுத்தான். தலைத் துண்டையும் கொடுத்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஓடுகிற உடம்பை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவது லேசில்லை. தொடையைப் பிடித்துக்கொண்டது அவனுக்கு. அதோடும் விரட்டினான். காளவாசலில் பாதித் தூரத்தைப் பிடித்துவிட்டான். வைகைப் பாலத்தில் என் வீட்டுக்காரருக்கு அவன் காலடிச் சத்தம் கேட்டிருக்கும். தமுக்கம் வாசலில் கை நீட்டினால் தொடுகிற தூரம். அவ்வளவுதான். கயிறு என் வீட்டுக்காரர் நெஞ்சில் பட்டது. இருபது பேர் சேர்ந்து அவரைத் தூக்கிவிட்டார்கள்.

இறக்கிவிட்டதும் முதலில் வந்து கையைப் பிடித்தவன் லெம்மா. அவர் கையை மேலே தூக்கிக் காட்டி, "மாப்ள, நல்லா ஓடுன" என்றான். உக்கிரபாண்டி மைக்கில், "நம்ம மண்ணு நம்ம மண்ணுதான்டா" என்றார். கூட்டம் கை தட்டியது. என் வீட்டுக்காரர் வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி நின்றார்.

சரவெடிச் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"பாத்தீகளா இல்லையா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"காலு நிக்கல, ஜெயக்கொடி."

"காலு நிக்கலையா, மனசு நிக்கலையா?"

கோப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். "அக்கா பேரு நாறிப்போகும்டி. ஊருக்குள்ள எப்படித் தலையக் காட்டும்?" என்றார். அக்காவுக்காகத்தான் சொல்கிறார் என்று அவரே நம்பப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவில்லை. பற்ற வைத்திருந்தாலும் சோறு இறங்கியிருக்காது.

மறுநாள் பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ஆலாத்தி எடுத்தது குத்தமாத்தா? வந்த பிள்ளைக்கு மரியாத செஞ்சேன்."

"மரியாத செய்றவுக எதுக்கு மேக்க பாத்தீக?"

முறம் நின்றுவிட்டது. "என் தம்பிடி அவன்" என்றாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடட்டும், அதற்காக அடுத்தவன் பிழைப்பின் மேலா ஆடுவது? இதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அவர் தூங்காமல் கிடந்தார், மில்லில் இழை அறுந்ததுகூடத் தெரியாமல் நின்று மேஸ்திரியிடம் திட்டு வாங்கினார். கடைசியில் உக்கிரபாண்டியிடம் போய், நான் டெல்லிக்குப் போகவில்லை, லெம்மாவை அனுப்புங்கள் என்றிருக்கிறார். ஏன் என்று அவர் கேட்கவே இல்லையாம். மீசையைத் தடவிக்கொண்டு, "கால் சுளுக்குன்னு சொல்லிக்குவோம். வேற எதுவும் வெளிய வரக் கூடாது. நம்ம ஊரு மானம்" என்றாராம். அதாவது அவருக்கும் தெரியும். தமுக்கத்தில் மைக்கைப் பிடித்தபோதே தெரியும். லெம்மா பெயரில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரும்போது மூஞ்சியில் ஒரு தெளிச்சி. உள்ளதைச் சொல்லாமலே கடன் தீர்ந்துவிடும் என்ற தெளிச்சி. எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஞாயிற்றுக்கிழமை லெம்மா வந்தான். இவர் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து காட்டினார். நாடகக்காரர் தோற்றார். டிக்கெட்டை நீட்டி, "சுளுக்கு மாப்ள. நீ போயிட்டு வா" என்றார்.

லெம்மா கீழே உட்கார்ந்து துணியை அவிழ்த்தான். கணுக்காலைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினான், கெண்டைச் சதையை அழுத்தினான். மாட்டுத்தரகன் மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் காலையே பிழைப்பாக வைத்திருக்கிறவனிடம் போய்ச் சுளுக்கு என்றால்?

"சுளுக்கு இல்ல மாப்ள" என்றான். சிரித்தான். "என் மேல பாவம் பாக்குற. வேணாம். நீ முதல்ல வந்த. நீ போ."

டிக்கெட்டை அவர் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டான். இவர் தலை தொங்கிவிட்டது. லெம்மா என்னிடம் திரும்பினான். கூச்சத்தோடு ஒரு மஞ்சள் பையைத் திறந்து காட்டினான். ஒரு எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். என்னென்ன வேண்டும் என்று விடுதிச் சமையல்காரரிடம் கேட்டு வாங்கியிருக்கிறான்.

அவன் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். "எங்கள் ஊரில் ஜெயித்து வருகிறவனுக்குத்தான் மாலை. நான் ஒலிம்பிக்குக்கு மூன்று தடவை தயாரானேன், ஒரு தடவைகூட மாலை போட யாரும் வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி மரியாதை செய்தவர் அந்த அக்கா ஒருத்தர்தான். நான் பொட்டு வைப்பதற்குள் ஓடிவிட்டேன். பாதியில் நகர்ந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது இல்லையா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கூட்டிப் போவாயா?"

அவனுக்கு வெட்கமாம். அவனுக்கு.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இதைக் கேட்ட பிறகாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். சொன்னால் அவனுக்கு டெல்லி உண்டு, ஆனால் வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதையும் பொய் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் மரியாதை மிஞ்சும், டெல்லி போய்விடும். எதையும் கொட்டிவிடுகிற என் நாக்கு அன்றைக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று பேரும் தெருவில் நடந்தோம். வழியில் பார்த்தவர்கள், "என்ன, ஜெயிச்சவரும் தோத்தவரும் சோடி போட்டுப் போறீக" என்று கேலி பண்ணினார்கள். லெம்மா மட்டும் சிரித்தான்.

பாண்டியம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். லெம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் பண்ணியிருக்க வேண்டும்.

"அக்கா, மன்னிச்சிருங்க. நான் பாதியில போயிட்டேன். தப்பு. இப்ப நிக்கிறேன், நகர மாட்டேன். பொட்டு வைங்க."

பாண்டியம்மாள் தட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். குங்குமம் எடுக்கிறவள் மாதிரி உள்ளே போனாள். நாங்கள் நின்றோம். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய மனுஷி, ஊரில் சண்டை என்றால் நாலு தெருவுக்குக் கேட்கிற குரல், அது உடைந்து போயிருந்தது.

"தம்பி, என் கையால உனக்குப் பொட்டு வேணாம்யா. நான் உனக்கு மரியாத செய்ய வரல. உன்னைய மறிக்கத்தான் தட்டத் தூக்கிட்டு வந்தேன். இவன் முன்னால போகணும்னுதான் சுத்திக்கிட்டே இருந்தேன். நீ நின்னயே, கையக் கூப்பிக்கிட்டு நின்னயே. சின்னப்பிள்ள மாதிரி நின்னயே. அன்னைலருந்து நான் ஒழுங்காத் தூங்கலய்யா."

வேகமாகச் சொன்னாள், அழுகையோடு சொன்னாள். லெம்மாவுக்குப் பாதிதான் பிடிபட்டது. அக்கா ஏன் அழுகிறார் என்று பதறிப்போய், "அக்கா என்ன சொல்லுது?" என்று என்னைக் கேட்டான்.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் என்னென்னவோ அணைந்தது. பாண்டியம்மாள் அவன் காலைத் தொடக் குனிந்தாள். அவன் விடவில்லை, அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். தட்டை அவளிடமே கொடுத்தான். அவள் மேல் அவனுக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. தம்பிக்காக ஒரு அக்கா செய்தது அவனுக்குப் புரிந்திருக்கும்.

அப்புறம் என் வீட்டுக்காரரிடம் திரும்பினான்.

"நீ பாத்தியா?"

ரொம்ப மெதுவாகத்தான் கேட்டான். இவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"பாத்தேன்" என்றார். "அக்கா கண்ணக் காட்டுச்சு. எனக்குப் புரிஞ்சுச்சு. புரிஞ்சுதான் ஓடுனேன்."

லெம்மா தலையை ஆட்டினான். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அடித்திருந்தால்கூட, வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். ஒன்றும் செய்யவில்லை. இவர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார். நீட்டின கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டானா என்று அந்த நொடியில் நான் ஏங்கினேன். "போனால் போகிறது, நீயே போ" என்று பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மன்னித்துவிட்டான் என்று நாங்கள் நினைத்துக்கொள்ளலாம். எங்கள் மூன்று பேருக்கும் அது போதும். எவ்வளவு நல்ல மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கொஞ்சம் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

லெம்மா டிக்கெட்டை வாங்கினான். அவன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தான், தேதியைப் பார்த்தான், மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நன்றி என்று சொல்லவில்லை. அவன் எதற்குச் சொல்ல வேண்டும், அது அவனுடையது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். என் வீட்டுக்காரர் பின்னாலேயே ரெண்டு எட்டு வைத்தார். லெம்மா திரும்பாமலே, வர வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.